இரண்டு எஸ்ஸும் ஓர் இங்கும்

உடைமை, பன்மை, தொழிற்பெயர் ஆகிய மூன்றும் ஒரே தொடரில் நெருக்கியடித்து நிற்கும் ஓர் அமைப்பு ஆங்கிலத்தில் உண்டு. ‘மை பேரண்ட்ஸ் கமிங் லேட்’ என்று காதில் விழும் தொடரில், பெற்றோர் இருவர் என்பதைக் காட்ட ஓர் எஸ், அந்த வருகை அவர்களுக்கு உரியது என்பதைக் காட்ட இன்னோர் எஸ், வருவதைப் பெயராக்க ஓர் இங் என மூன்று ஒட்டுகள் இருந்தாக வேண்டும். ஆனால் இரண்டாவது எஸ்ஸை முதல் எஸ் விழுங்கிவிடுவதால், அது காதுக்கும் எட்டாமல் கண்ணுக்கும் தெரியாமல் இலக்கண ஆசிரியரின் மனத்தில் மட்டும் குடியிருக்கிறது. கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானில் இறங்கும் வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், இத்தொடரை அதன் முழு அலங்காரத்தோடு ஒரு தமிழர் வாயிலிருந்து கேட்பது அரிது. கேட்டால், பேசியவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியராகத்தான் இருப்பார். அதற்காகக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் அத்தொடரைக் கைகழுவிவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. அவர்கள் அதைப் பாகம் பாகமாகக் கழற்றி, எந்தப் பாகத்தை எந்த மொழி சிரமமின்றிச் செய்து கொடுக்குமோ அந்த மொழியிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த எஸ்ஸின் வரலாறு. பெயர்ச்சொல்லின் இறுதியில் எஸ் சேர்ந்தால் பன்மை. அதே எஸ்ஸுக்கு முன்னால், எழுத்துகளின் தலைமட்டத்தில் ஒரு காற்புள்ளியைத் தொங்கவிட்டால் உடைமை, அதாவது தமிழிலக்கணம் ஆறாம் வேற்றுமையில் வைத்துப் பேசும் கிழமைப் பொருள். பன்மையும் உடைமையும் சேர்ந்து வந்தால் அந்தக் காற்புள்ளி எஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். அப்பாஸ்ட்ரஃபி எனப்படும் இக்குறியை ஆங்கிலேயர் 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரைப் பார்த்து எடுத்துக்கொண்டனர். விட்டுப்போன எழுத்துக்கு அடையாளமாக வந்த அது, நாளடைவில் ஒருமை உடைமைக்குக் காவலாகி, பன்மை உடைமைக்காக எஸ்ஸின் பின்புறம் நிற்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி நாட்டியபோது, அவருடைய எழுத்தர்களுக்கே அது ஓரளவு புதுப் பழக்கமாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், அதே குறியைத் தப்பான இடத்தில் போட்டுவிட்ட கிள்ளான் மாணவரைக் கடிந்துகொள்ளும் வேகம் சற்றுத் தணியும். மேலும் ‘பாய்ஸ்’ என்பது பையன்கள், பையனுடைய, பையன்களுடைய ஆகிய மூன்றுக்கும் ஒரே ஒலியாகவே இருப்பதால், இவ்வேறுபாட்டைக் காது ஒருநாளும் கண்டதில்லை. அது முழுக்க முழுக்கக் கண்ணுக்காக ஏற்பட்ட ஏற்பாடு.

அந்தக் கண்களும் இங்கிலாந்திலேயே சோர்ந்துவிட்டன. ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் 2001இல் இக்குறியைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, கடைக்காரர்களுக்குப் பணிவான கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்து, 2019இல், தம் 96ஆம் வயதில், அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டன என்று அறிவித்துவிட்டு ஒதுங்கினார். பின்னர் வேறொருவர் அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மலேசியாவோ இச்சிக்கலை அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எந்தச் சங்கமும் இல்லாமல் தீர்த்துவிட்டிருந்தது. கோலாலம்பூரில் 1897இல் தோன்றிய மெதடிஸ்ட் பாய்ஸ் ஸ்கூலின் பெயரில் பன்மையும் உடைமையும் காற்புள்ளியும் முறைப்படி அமைந்திருந்தன. ஆங்கிலவழிப் பள்ளிகள் 1970 முதல் ஆண்டுக்கொரு வகுப்பாக மலாய்வழிக்கு மாறி, தேசியப் பள்ளிகளாகப் பெயர் பெற்றபோது, ‘பாய்ஸ்’ இருந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் ‘எல்’ வந்து உட்கார்ந்தது, லெலாக்கி, ஆண். பெண்கள் பள்ளிக்கு ஒரு ‘பி’, பெரெம்புவான், பெண். ஒருமையா பன்மையா, பையன்களுக்கு உரிய பள்ளியா பையன்களுக்கான பள்ளியா, காற்புள்ளி முன்னா பின்னா என்று தலைமுறை தலைமுறையாக ரோத்தான் அடி வாங்கித் தந்த கேள்விகள் அத்தனையும் ஓரெழுத்தில் முடிந்துபோயின.

இந்த இலக்கணம் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த வழி ரயில் வழி. அவ்வூரின் பெயரே ஒரு பன்மைப் பாடம்: 1881இன் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்த பிறகு, இனி செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்ற ஆணை வர, கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளைகள் அமைத்த இடம் அது, செங்கற்கள் இலட்சக்கணக்கில் இருந்தும் பெயரில் செங்கல் ஒருமையாகவே நிற்க, எண்ணிச் சொல்லிவிடக்கூடிய களங்களுக்கு மட்டும் பன்மை எஸ் கிடைத்தது. இதன் நியாயத்தை ஆங்கிலம் தெரியாதவருக்கு விளக்க முடியாது. ஆங்கிலம் தெரிந்தவருக்கு அந்த ஐயமே எழுவதில்லை. பின்னர் அங்கே ரயில்வே பணிமனைகள் வந்தன. அவற்றோடு, யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற இலங்கைத் தமிழர்கள் கிராணிகளாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்து, குவார்ட்டர்ஸில் குடியேறினர். குடியிருப்பைக் குறிக்கும் இச்சொல் ஆங்கிலத்தில் எப்போதும் பன்மை; தமிழிலோ ‘அவருக்கு ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது’ என்று அது எவ்வித உறுத்தலும் இன்றி ஒருமையாயிற்று. இந்த ஓரிடத்தில் மட்டும் எஸ்ஸை விட்டுவிடாமல் தமிழர் காத்து வந்ததற்குத் தக்க காரணம் உண்டு: அதை விட்டுவிட்டால், தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் விருந்தாளி கிடைத்தது வீடு என்று நினைக்க மாட்டார்.

பன்மையைப் பொறுத்தவரை தமிழரின் நிலைப்பாடு பழையது, நூல் ஆதாரம் உள்ளது. அஃறிணைப் பெயர்கள் ‘கள்’ சேராமலே ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் என்பதால் இலக்கணிகள் அவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்றனர். மாடு வந்தது, மாடு வந்தன, பத்து மாடு, எல்லாம் சரியே. பத்து என்று வாய்விட்டுச் சொன்ன பிறகும் மாட்டின் வாலில் ஒரு பன்மையைக் கட்டுவது வீண் செலவு. ஆகவே ‘டென் லாரி’ என்று கிள்ளான் துறைமுகத்துத் தமிழர் சொல்லும்போது அவர் ஆங்கிலத்தில் பிழை செய்யவில்லை. பவணந்தி முனிவருக்குக் கட்டுப்பட்டு நடக்கிறார். மலாய் மொழியும் எண்ணுப்பெயர் வந்தபின் பன்மை கேட்பதில்லை. எண் இல்லாத இடத்தில் பன்மையை அழுத்திக் காட்ட வேண்டுமானால் சொல்லை இரட்டித்து, குருவைக் குரு-குரு ஆக்கிக்கொள்கிறது. முன்பெல்லாம் சொல்லை ஒருமுறை எழுதிப் பக்கத்தில் 2 என்ற எண்ணைப் போட்டால் போதும் என்றிருந்தது. 1972இன் புதிய எழுத்துமுறை அதை முறையான எழுத்திலிருந்து விலக்கிவிட்டாலும், வாட்ஸ்அப்பில் அந்த 2 இன்றும் சுகமாகவே வாழ்கிறது. பன்மைக்குக் கணிதத்தையே துணைக்கழைத்த மொழியின் பக்கத்தில் வளர்ந்தவர்களிடம் எஸ்ஸின் பெருமை அவ்வளவாக எடுபடாததில் வியப்பில்லை.

ஆயினும் எஸ் தொலைந்துபோய்விடவில்லை. ‘அங்கே ஒரு லேடீஸ் நிற்கிறார்’ என்பது பிரிக்பீல்ட்ஸ் பேருந்து நிறுத்தத்திலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிழையற்ற தமிழ். லேடீஸ் என்பது பெண் ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல், அதன் பன்மை லேடீஸுங்க. பேரண்ட்ஸ், பேரண்ட்ஸுங்க, டீச்சர்ஸ், டீச்சர்ஸுங்க என்று இந்த வாய்பாடு நீளும். தமிழ் ஒருவரைக் குறிக்கவே ‘அவர்’ என்று பன்மை விகுதியைக் கொடுத்து உயர்த்திப் பழகிய மொழியாதலால், ஆங்கில எஸ்ஸும் இங்கே எண்ணிக்கையைக் கைவிட்டு மரியாதையை ஏற்றுக்கொண்டது என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். இன்னொரு புறம் ஆங்கிலம் எஸ் கூடாது என்று தடைவிதித்த சொற்களில் மலேசியர் அனைவரும், இன வேறுபாடின்றி, தாராளமாக எஸ் சேர்க்கிறார்கள்: ஸ்டாஃப்ஸ், லக்கேஜஸ், எக்யூப்மெண்ட்ஸ், ஃபர்னிச்சர்ஸ். லாரியிலிருந்து இறக்கப்பட்ட எஸ் லக்கேஜில் ஏற்றப்பட்டிருக்கிறது. நாட்டின் மொத்த இருப்பில் குறைவு ஏதும் இல்லை.

உடைமையின் கதை இன்னும் சுவையானது. மலாயில் உடையவர் பின்னால் வருவார், உடைமை முன்னால் வரும். அப்பாவின் வீடு என்பது ருமா ஆயா, வீடு அப்பா. இடையில் ஒட்டும் கிடையாது, குறியும் கிடையாது. சந்தை மலாயிலோ வரிசையைத் தலைகீழாக்கி நடுவில் ‘புன்யா’ என்ற சொல்லைப் போட்டால் எவருடைய எதுவும் எவருக்கும் விளங்கிவிடும்; சீனர் கடை, தமிழர் தோட்டம், மலாய்க் கம்பம் மூன்றுக்கும் பொதுவான இந்தச் சொல், தமிழின் ‘உடைய’ நிற்கும் அதே இடத்தில் நிற்பதால், தமிழர் வாய்க்கு இதமாக அமைந்துவிட்டது. ‘மை அங்கிள் புன்யா காடி’ என்ற தொடரில் மாமா ஆங்கிலம், உடைமை மலாய், கார் மலேசியத் தமிழ். மும்மொழிக் கொள்கையை வேறெந்த அமைச்சும் இவ்வளவு சிக்கனமாக நிறைவேற்றியதில்லை.

எழுத்தில் ஒவ்வொரு மலேசியத் தமிழரும் தம் பெயரிலேயே ஒரு வேற்றுமைப் பொருளைச் சுமக்கிறார். தமிழ் மரபில் தந்தை பெயரின் முதலெழுத்தும் ஒரு புள்ளியும் போதும். அந்தப் புள்ளிதான் அங்கே ஆறாம் வேற்றுமை. ஆங்கில ஆட்சியில் அது ‘சன் ஆஃப்’ என்பதன் சுருக்கமாகிச் சாய்கோடு பெற்றது. பின்னர் மலாயில் அனாக் லெலாக்கி, ஆண் பிள்ளை, என்பதன் சுருக்கமான ‘ஏ சாய்கோடு எல்’ ஆயிற்று. மகளுக்கு ‘ஏ சாய்கோடு பி’. பன்னாட்டுக் கணினிப் படிவங்கள் பல சாய்கோட்டை ஏற்க மறுப்பதால், வெளிநாடு செல்லும் தமிழர் சிலர் விமானச் சீட்டில் ‘ஆல்’ என்ற நடுப்பெயரோடு புறப்படுகின்றனர். அயல்நாட்டு விடுதியில் ‘மிஸ்டர் ஆல்’ என்று யாரோ அழைக்க, அது தம்முடைய வேற்றுமை உருபு என்று விளக்குவதற்குள் சாவி கைக்கு வந்துவிடும்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2001இல் அடையாள அட்டை புது வடிவம் பெற்றபோது அதற்கு மைகாட் என்று பெயர். நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு எம்வை ஆகையால் அது மலேசிய அட்டை என்றும் பொருள்படும், ஆங்கில ‘மை’ ஆகையால் என்னுடைய அட்டை என்றும் பொருள்படும்; உடையவர் முன்னால் நிற்கும் ஆங்கில வரிசையும், அட்டை என்பதற்கான மலாய்ச் சொல்லும் ஒரே பெயரில் கைகோத்தன. அதன்பின் குழந்தைக்கு மைகிட், பெருந்தொற்றுக் காலத்தில் 2020இல் மைசெஜாத்ரா என்று ‘மை’ அடுக்கடுக்காகப் பெருகியது. கைப்பேசியில் இத்தனை ‘என்னுடைய’ இருக்கும் குடிமகன், ‘மை ஃபாதர் ஹவுஸ்’ என்று சொல்லும்போது அப்பாவின் பின்னால் ஓர் எஸ் குறைந்ததற்காக வருந்த வேண்டியதில்லை.

இனி ‘இங்’. வினைச்சொல்லின் இறுதியில் இது சேர்ந்து அதைப் பெயராக்கினால் ஆங்கில இலக்கணம் அதை ஜெரண்ட் என்னும். தமிழில் தல், அல், கை முதலிய விகுதிகள் செய்யும் தொழிற்பெயர் வேலைதான் அது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த இங் வினையின் நினைவையே மறந்து முழுப் பொருளாகிவிட்டது. பார்க்கிங் என்பது நிறுத்துதல் அன்று, நிறுத்துமிடம். பொங்கலுக்கு முந்தின வாரம் பிரிக்பீல்ட்ஸில் ‘பார்க்கிங் இல்லை’ என்றால், நிறுத்தும் தொழில் அழிந்துவிட்டது என்று எவரும் பொருள் கொள்வதில்லை. கேட்டரிங் என்பது ஓர் ஆள். ‘கேட்டரிங் இன்னும் வரவில்லை’ என்று திருமண மண்டபத்தில் ஒருவர் கைபிசைந்து நிற்பார்.

மூன்றும் ஒன்றுசேரும் மாதிரித் தொடர் ஒன்று இப்பகுதிக் கடைத்தெருக்களின் பெயர்ப்பலகைகளில் மலாய்ப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் அமைதியாக இருக்கிறது: லேடீஸ் டெய்லரிங். பன்மை உண்டு, தொழிற்பெயர் உண்டு, உடைமைக் காற்புள்ளி பெரும்பாலும் இல்லை. ஆங்கில ஆசிரியர் இதைக் குறை என்பார். தமிழாசிரியர் அவ்வாறு சொல்ல முடியாது. இரு சொற்களுக்கிடையே வேற்றுமை உருபு மறைந்து நின்று பொருள் தருவதற்கு வேற்றுமைத்தொகை என்று அவர் பெயர் வைத்திருக்கிறார். ஆனால் மறைந்திருப்பது எந்த உருபு என்பதில்தான் வழக்கு. பெண்களது தையல் என்றால் ஆறாம் வேற்றுமை. பெண்களால் தைத்தல் என்றால் மூன்றாம் வேற்றுமை. பெண்களுக்குத் தைத்தல் என்றால் நான்காவது. ரவிக்கை அளவு சற்றே பிசகிப்போன வாடிக்கையாளரைக் கேட்டால், பெண்களைத் தைத்தல் என்று இரண்டாம் வேற்றுமையையும் விட்டுவைக்க மாட்டார். இத்தகைய தொகைகள் விரியும்போது இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்று நன்னூல் முன்னரே எச்சரித்திருக்கிறது. ‘பெண்களுக்கான ஆடையைத் தைத்தல்’ என்று உருபோடு இடையிலுள்ள சொற்களும் மறைந்திருப்பதாகக் கொண்டு, உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று தீர்ப்பளிப்பதே எல்லாருக்கும் பாதுகாப்பு. ஒற்றைக் காற்புள்ளியால் இவ்வளவையும் தாங்க முடியாது என்று உணர்ந்துதான் பலகை எழுதியவர் அதை விட்டிருப்பார்.

எஞ்சியிருப்பது, இக்கட்டுரை தொடங்கிய ‘பெற்றோர் தாமதமாக வருவது’. இவ்விடத்தில் ஆங்கில அறிஞர்களுக்குள்ளேயே பெரும்போர் நடந்திருக்கிறது. இங் கொண்டு பெயரான வினைக்கு முன்னால் வரும் ஆள், உடைமை வடிவில் வர வேண்டுமா, வெறும் பெயராக வரலாமா என்பதே பிணக்கு. ஹென்றி ஃபௌலரும் அவர் தம்பி ஃபிராங்கும் 1906இல் வெளியிட்ட நூலில், வெறும் பெயராக வரும் அமைப்புக்கு ‘ஒட்டிப்போன எச்சம்’ என்ற பொருளில் ஒரு பெயர் சூட்டிப் பழித்தனர். 1926இல் வந்த தம் புகழ்பெற்ற அகராதியிலும் ஹென்றி ஃபௌலர் இறங்கி வரவில்லை. அவரை எதிர்த்து நின்றவர் ஓர் ஆங்கிலேயரல்லர். டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பெர்சன். நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் காலங்காலமாக அவ்வமைப்பைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்று அவர் எடுத்துக்காட்டுகளை அடுக்கினார். ஆங்கிலம் எப்படிப் பேசப்படுகிறது என்பதை ஆங்கிலேயருக்கு ஒரு டேனியர் எடுத்துச் சொல்ல நேர்ந்த அந்தக் காலத்தில், பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் ‘மை ஃபாதர் கமிங் லேட் இஸ் தி ப்ராப்ளம்’ என்று யாரேனும் சொல்லியிருந்தால், அவர் தம்மையறியாமலே யெஸ்பெர்சன் கட்சியில் சேர்ந்திருந்தார்.

அவரை அக்கட்சிக்கு அழைத்துச் சென்றது தமிழ். ‘அப்பா லேட்டா வர்றதுதான் பிரச்சனை’ என்ற தொடரில் அப்பா எழுவாயாகவே நிமிர்ந்து நிற்கிறார். வருவது பெயராகிவிட்டது என்பதற்காக அவர் ஆறாம் வேற்றுமைக்கு இறங்குவதில்லை. ஆறாம் வேற்றுமை தமிழுக்கு இவ்விடத்தில் அந்நியமும் அன்று. அவ்வேற்றுமை எந்தெந்த உறவுகளில் வரும் என்று அடுக்கும் தொல்காப்பியம் வினையையும் அப்பட்டியலில் சேர்த்திருக்கிறது, ‘அமைச்சரின் வருகை’ என்று நாளிதழ்களும் நாள்தோறும் அச்சிடுகின்றன. ஆனால் அது மாலை மரியாதையோடு வருவோருக்கு உரியது. வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. இரவு பதினொன்றரைக்குக் கிள்ளான் தாமான் வீடொன்றிலிருந்து மனைவி கைப்பேசியில் அழைத்து, ‘தங்களுடைய வருகை எப்போது?’ என்று கேட்டால், கணவர் அதில் உடைமையையும் தொழிற்பெயரையும் ஆராய்ந்து கொண்டிருக்க மாட்டார். வழியிலுள்ள மாமாக் கடையில் ரொட்டி சானாய் ஒன்றைப் புங்குஸ் கட்டிக்கொண்டு விரைந்து வீடு சேர்வார்.

ஆக, பேரண்ட்ஸ் என்ற பன்மை ஆங்கிலத்துக்கு, புன்யா என்ற உடைமை மலாய்க்கு, வர்றது என்ற தொழிற்பெயர் தமிழுக்கு என்று பங்கீடு முடிந்துவிட்ட இப்பள்ளத்தாக்கில், ஆங்கிலத்தின் முழுத்தொடர் இரண்டே இடங்களில் இன்னும் உயிரோடிருக்கிறது. ஒன்று, 1119 என்ற குறியெண்ணால் மாணவர் நடுங்கும் எஸ்பிஎம் ஆங்கிலத் தாள். மற்றொன்று, மே 16ஆம் நாள் வரும் ஆசிரியர் தினப் பதாகை. மலாயில் அது ஹரி குரு. பன்மையும் இல்லை, உடைமையும் இல்லை. தமிழில் ஆசிரியர் தினம். அதுவும் அப்படியே, தொகை. மூன்றாவதாக ஆங்கிலமும் இருந்தால் அழகாக இருக்கும் என்று ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் சொல்லும் கணத்தில்தான், ஓர் ஆசிரியருடைய தினமா, ஆசிரியர்களுடைய தினமா, ஆசிரியர்களுக்கான தினமா என்ற ஆய்வு தொடங்கி, தேநீர் ஆறி, குழு இரண்டாகப் பிளக்கும். பதாகை அச்சடிப்பவர்கள் சதுர அடிக் கணக்கில் பணம் வாங்குவதால் காற்புள்ளிக்குத் தனிக் கட்டணம் கிடையாது என்பது ஒன்றே ஆறுதல். கடைசியில் அச்சுக்கடைப் பையன் கணினித் திரையிலிருந்து தலையைத் திருப்பி, ‘டீச்சர், இந்தக் கொக்கிய எஸ்ஸுக்கு முன்னால போடவா, பின்னால போடவா?’ என்று கேட்பான். முப்பதாண்டு அனுபவமுள்ள டீச்சர் இதற்கெல்லாம் அசைந்துவிடுபவர் அல்லர்.

‘எஸ்ஸுக்கு நேர் மேல போட்டுடு, தம்பி.’